மார்கழிக் கச்சேரி: மீந்த சீசன் டிக்கெட்டை யாருக்குக் கொடுக்கலாம்?

வணக்கம். அம்மாவின் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடியட்டும். சென்னை மியூசிக் அகாடமியின் சீசன் டிக்கெட் (விழா முழுவதற்குமான டிக்கெட்) இரண்டு இருக்கிறது, அதில் நாலு நாள் போக முடியாது, விற்கவும் மனமில்லை என்று எழுதியிருந்தீர்கள். நல்ல மனசு.

என்னைக் கேட்டால், முதலில் இசை படிக்கும் பிள்ளைகளுக்குத்தான். மதியக் கச்சேரிகளுக்குப் பல சபாக்களில் (கச்சேரி நடத்தும் அமைப்புகளில்) டிக்கெட்டே வேண்டாம், அதனால் அவர்கள் அங்கே எப்படியும் போய்விடுவார்கள். மாலைக் கச்சேரிதான் கைக்கு எட்டாது. தனியாவர்த்தனத்தை, அதாவது தாள வாத்தியக்காரர்கள் மட்டும் வாசிக்கும் பகுதியை, பக்கத்தில் உட்கார்ந்து கேட்பது ஒரு மிருதங்க மாணவனுக்கு எவ்வளவு பெரிய விஷயம்! அடையாறு இசைக் கல்லூரியிலோ, தெரிந்த பாட்டு டீச்சரிடமோ சொல்லிப் பாருங்கள், உடனே ஆள் கிடைக்கும்.

டிக்கெட்டைப் படம் எடுத்து எங்கேயும் போட வேண்டாம். தேதி, இருக்கை வரிசை மட்டும் சொன்னால் போதும். வேறொருவர் அந்த டிக்கெட்டில் வரலாமா என்று சபா அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கடைசி நேரம் வரை யாரும் அமையவில்லையா? யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். அகாடமியின் டிடிகே சாலை வாசலில், அன்றைய டிக்கெட் கவுண்டர் வரிசையில் நிற்பவர்களிடம் கொடுத்துவிடலாம். காலையிலிருந்தே காத்திருக்கும் ரசிகர்கள் அங்கே உண்டு. அப்புறம், அகாடமியின் ஜனவரி நாட்டிய விழாவுக்கும் மீந்தால் பரதம் கற்கும் பெண்களை மறந்துவிடாதீர்கள்.