வயல்கள் மனைகளாகும் ஊர்களில் பள்ளி இடங்களை எப்படித் திட்டமிடுவது?

“குமரி மாவட்டத்தில் வயல்களும் தோப்புகளும் தொடர்ந்து வீட்டுமனைகளாகி வருகின்றன. அங்கே குடியேறும் குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிகளில் இடம் போதுமா என்பதை முன்கூட்டியே கணக்கிட முடியுமா?” என்பது கேள்வி. நாகர்கோவிலுக்கு மேற்கே, அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளி ஒன்றில் தலைமையாசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இதற்குப் பதில் எழுதுகிறேன். முடியும், நான்கைந்து ஆண்டுகளுக்கு முன்பே முடியும். ஆனால் கணக்கைக் காட்டிலும் அவசரமானது நிலம். வகுப்பறையைப் பிறகு கட்டிக்கொள்ளலாம், ஆசிரியரைப் பிறகு நியமித்துக்கொள்ளலாம். மனைகளாக விற்றுத் தீர்ந்த பகுதியில் பள்ளிக்கென்று ஓர் ஏக்கரைப் பிறகு எவராலும் தேடிப் பிடிக்க முடியாது.

நான் பொறுப்பேற்ற காலத்தில் பள்ளியின் சுற்றுச்சுவருக்கு அப்பால் ஏலா, அதாவது நெல்வயல் பரப்பு, இருந்தது. நடவு நாட்களில் சன்னல் வழியாகச் சேற்று வாடை வகுப்புக்குள் வரும். ஒரு கோடை விடுமுறை முடிந்து திரும்பியபோது வயலில் செம்மண் நிரப்பி, தலையில் சிவப்புச் சாயம் பூசிய எல்லைக் கற்களை நட்டிருந்தார்கள். வராந்தாவில் நின்று பார்த்தால் அவை வரிசை வரிசையாகத் தெரியும். சில ஆண்டுகள் அந்தக் கற்களுக்கிடையே ஆடு மேய்ந்தது. பிறகு அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பால்காய்ப்பு நடந்தது. அதன்பின் ஒரு ஜூன் மாதத்தில் முதல் வகுப்பில் மட்டும் 58 பிள்ளைகள் சேர்ந்தார்கள். இரண்டு பிரிவுகளாகப் பிரித்தோம், ஆனால் இருந்தது ஓர் அறைதான். எனவே இரு முனைகளிலும் கரும்பலகை வைத்து, பிள்ளைகளை முதுகோடு முதுகாக உட்காரவைத்தோம். ஒரு பக்கம் டீச்சர் எழுத்துக்கூட்டி வாசிக்கச் சொல்ல, மறுபக்கம் கூட்டல் கணக்கு நடக்கும். நடுவில் இருந்த பிள்ளைகள் எந்தப் பக்கம் காது கொடுப்பதென்று தெரியாமல் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள். அவர்கள் வரப்போகிறார்கள் என்ற செய்தி அந்தச் சிவப்புக் கற்களாகப் பல ஆண்டுகள் எங்கள் கண்ணெதிரே நின்றிருந்தது. அதைச் செய்தியாகப் படிக்க எனக்கும் தெரியவில்லை, எனக்கு மேலே இருந்தவர்களுக்கும் தெரியவில்லை.

கணக்குக்கு வருகிறேன். 2011 கணக்கெடுப்பின்படி மாவட்டத்தின் மக்கள்தொகை 18,70,374; அதில் ஆறு வயது வரையிலான பிள்ளைகள் 1,82,350 பேர். பிறந்த குழந்தை முதல் ஆறு வயது வரை ஏழு வயதுக்கும் பிரித்தால், ஒவ்வொரு வயதிலும் ஆயிரம் பேருக்குச் சுமார் 14 பிள்ளைகள் வருகிறார்கள். ஒரு புதிய குடியிருப்பில் 400 வீடுகள் நிறைந்து, வீட்டுக்கு நான்கு பேர் என்று வைத்துக்கொண்டால் 1,600 பேர். அப்படியானால் ஒரு வகுப்புக்கு 22 பிள்ளைகள், ஐந்து வகுப்புக்கும் சேர்த்து 110. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி இத்தனை பிள்ளைகளுக்குத் தொடக்க நிலையில் நான்கு ஆசிரியர்களும், ஆசிரியருக்கு ஒரு அறை வீதம் நான்கு வகுப்பறைகளும் வேண்டும்.

இந்தச் சராசரியை அப்படியே நம்பினால் இரண்டு வகையில் ஏமாந்துபோவோம். புதிய மனைப்பிரிவில் வீடு கட்டி வருவோரில் பெரும்பாலானோர் இளம் குடும்பத்தினர். ஆகவே தொடக்கத்தில் பிள்ளைகள் சராசரியைவிட மிகுதியாக இருப்பார்கள், இருபது ஆண்டுகள் கழித்து அதே தெருக்களில் முதியவர்கள் மட்டுமே இருப்பார்கள். இன்னொரு புறம், நம் மாவட்டத்தில் வளைகுடா நாடுகளில் வேலை பார்ப்போர் வாங்கிப் போட்ட மனைகளும், கட்டி முடித்துப் பூட்டிவைத்த வீடுகளும் ஏராளம். மனைகளை எண்ணினால் கணக்கு ஏறிவிடும்; ஆட்களை எண்ண வேண்டும். 2021-இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பும் தள்ளிப்போனதால், பழைய எண்ணிக்கையை வைத்துக்கொண்டு புதிய தெருக்களுக்குத் திட்டமிடுவது எந்த வகையிலும் சரிப்படாது.

பிள்ளைகளின் எண்ணிக்கை நம் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. ஐந்து ஆண்டுகள் கழித்து முதல் வகுப்பில் சேரப்போகும் பிள்ளை, அதன் தாய் கருவுற்றபோதே பிக்மி (PICME) என்ற அரசின் கர்ப்பிணிகள் பதிவில் ஏறிவிடுகிறது. இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. நம் ஊர்களில் தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்குப் போவது வழக்கம். பிரசவம் ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ தனியார் மருத்துவமனையிலோ நடக்கும். பிறப்பும் அங்கேயே பதிவாகும். ஆகவே பிறப்புப் பதிவேடு எந்த ஊரில் பிள்ளை வளர்கிறது என்பதைக் காட்டாது. அதைக் காட்டுபவை கிராம சுகாதார செவிலியரின் தடுப்பூசிப் பதிவேடும் அங்கன்வாடிப் பதிவேடும்தான். நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டு, எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவிலிருந்த இரண்டு தாய்மார்களோடு அங்கன்வாடி டீச்சரின் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு மாலைப்பொழுதுகள் புதிய தெருக்களில் நடந்தேன். ஒரு நோட்டுப் புத்தகத்தில் மனை, கட்டிய வீடு, ஆள் குடியிருக்கும் வீடு, பிள்ளை, பிள்ளையின் வயது என்று ஐந்து பத்திகள் போட்டுக்கொண்டோம். அடுத்த ஜூனில் சேர்ந்தவர்களின் எண்ணிக்கை எங்கள் நோட்டிலிருந்து அதிகம் விலகவில்லை. அலுவலகக் கோப்புகளில் பல ஆண்டுகள் கிடைக்காத விடை இரண்டு மாலைகளில் கிடைத்தது.

இனி நிலம். நம் மாவட்டத்தில் பள்ளிகள் இருக்கும் இடங்களுக்கு ஒரு வரலாறு உண்டு. 1806-இல் மயிலாடிக்கு வந்த மிஷனரி ரிங்கல்தௌபே காலந்தொட்டு, கிறிஸ்தவ சபைகளும் பிற சமுதாய அமைப்புகளும் எங்கே மக்கள் நெருங்கி வாழ்ந்தார்களோ அங்கே பள்ளிகளைத் தொடங்கின. அந்தப் பள்ளிகளில் பல இன்று அரசு உதவி பெறுபவை. ஆனால் 1991-92 கல்வியாண்டு முதல் புதிதாகத் தொடங்கும் தனியார் பள்ளிகளுக்கு அரசு மானியம் கிடையாது. அதாவது கட்டணமில்லாத உதவி பெறும் பள்ளிகளின் வரைபடம் அந்த ஆண்டோடு உறைந்துவிட்டது. குடியிருப்புகளின் வரைபடமோ அதற்குப் பிறகுதான் பெரிதாக மாறியது. பார்வதிபுரம், சுங்கான்கடை, ஆசாரிபள்ளம் வட்டாரங்களில் முளைத்த தெருக்களுக்குப் பழைய வரைபடத்தில் இடமே இல்லை.

மனைப்பிரிவுக்கு அனுமதி தரும் நேரத்தில் இதைச் சரிசெய்திருக்கலாம். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-இன்படி 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலைகள் போக, பத்து விழுக்காடு நிலத்தைத் திறந்தவெளி ஒதுக்கீடாக உள்ளாட்சிக்குத் தானமாகக் கொடுக்க வேண்டும். 3,000 முதல் 10,000 வரை என்றால் நிலத்துக்குப் பதிலாகப் பணம் கட்டலாம். அதற்குக் கீழே ஒன்றுமில்லை. 3,000 சதுர மீட்டர் என்பது சுமார் 74 சென்ட். நிலவுடைமைகள் சிறிய நம் மாவட்டத்தில் ஒரே ஏலாவை நான்கைந்து பேர் தனித்தனியாகப் பிரித்து விற்கும்போது ஒவ்வொரு துண்டும் இந்த வரம்புக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. அப்படியே ஒதுக்கீடு கிடைத்தாலும் அது பூங்காவுக்கும் விளையாட்டிடத்துக்கும் உரியது. அதில் பள்ளி கட்டக் கூடாது, கட்டவும் வேண்டாம். பிள்ளைகளுக்கு அந்த விளையாட்டிடமும் தேவை.

ஆகவே பள்ளி நிலத்தை மனைப்பிரிவு ஒவ்வொன்றிலும் தேடாமல், பகுதி முழுவதற்குமான முழுமைத் திட்டத்தில் (மாஸ்டர் பிளான்) குறிக்க வேண்டும். மத்திய அரசின் நகர்ப்புறத் திட்டமிடல் வழிகாட்டி 5,000 பேருக்கு ஒரு தொடக்கப் பள்ளி, அதற்கு 0.40 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ ஓர் ஏக்கர் என்கிறது. ஏலா முழுவதும் மனையாகும்போது 5,000 பேர் சேர்ந்துவிடுவார்கள் என்று தெரிந்தால், முதல் துண்டுக்கு அனுமதி கேட்டு வரும் நாளிலேயே அந்த ஓர் ஏக்கர் எங்கே என்பது வரைபடத்தில் இருக்க வேண்டும். விலைக்கு வாங்க முடியாவிட்டால் அருகிலுள்ள அரசுப் புறம்போக்கைப் பள்ளிக்கென்று முன்பே வகைமாற்றி வைக்கலாம். குளத்தைத் தூர்த்து அந்த இடத்தைக் காட்டும் வேலை மட்டும் வேண்டாம். அடுத்த மழைக்கு வகுப்பறை குளமாகும்.

புதிய பள்ளியைவிட எளிய வழி ஒன்றும் இருக்கிறது, அதைத்தான் நாம் அடிக்கடி கைநழுவ விடுகிறோம். புதிய மனைப்பிரிவுக்கு அரைக் கிலோமீட்டர் தொலைவில் இருபது பிள்ளைகளோடு ஒரு பழைய பள்ளி நடந்துகொண்டிருக்கும். எண்ணிக்கை குறைவென்று அதை மூடுவதற்கோ இணைப்பதற்கோ முன்னால், சுற்றுவட்டாரத்தில் எத்தனை எல்லைக் கற்கள் நட்டிருக்கிறார்கள் என்று ஒருவர் போய்ப் பார்த்தாக வேண்டும். அந்த இடம் கைவிட்டுப் போனால் மறுபடியும் கிடைக்காது.

தூரத்தைப் பற்றி ஒரு சொல். தமிழ்நாட்டு விதிகள் தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்கின்றன. வரைபடத்தில் கவராயம் வைத்துச் சுற்றினால் பல தெருக்கள் அந்த வட்டத்துக்குள் வந்துவிடும். ஆனால் இடையில் தேசிய நெடுஞ்சாலையோ ரயில் பாதையோ இருந்தால் ஆறு வயதுப் பிள்ளையைத் தனியாக அனுப்ப எந்தத் தாய்க்கும் மனம் வராது. பிறகு காலை ஏழு மணிக்கு வேன், அதற்கு மாதக் கட்டணம், கடைசியில் வேன் போகும் பள்ளியே பிள்ளையின் பள்ளி என்றாகிவிடுகிறது.

ஆசிரியர் பணியிட நிர்ணயமும் பின்னால் பார்த்து நடப்பது. ஆகஸ்ட் முதல் நாளின் மாணவர் எண்ணிக்கையைக் கொண்டுதான் பணியிடம் கணக்கிடப்படுகிறது. பிள்ளைகள் ஜூனில் வந்துவிடுகிறார்கள். ஆசிரியர் வர ஓராண்டும் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். வளரும் பகுதிகளுக்கு மட்டுமாவது அங்கன்வாடிப் பதிவேட்டை வைத்து அடுத்த ஆண்டின் எண்ணிக்கையை ஏற்றுக்கொள்ளும் ஏற்பாடு வேண்டும்.

உங்கள் பகுதியில் இதைத் தொடங்க நினைத்தால், பிப்ரவரி, மார்ச் மாதங்களிலேயே நோட்டோடு தெருவில் இறங்குங்கள். மே 1 கிராம சபையில், மாநகராட்சி என்றால் உங்கள் வார்டின் பகுதி சபையில், அந்த ஐந்து பத்திகளை வாசித்துப் பதிவு செய்யச் சொல்லுங்கள். நகல்களை வட்டாரக் கல்வி அலுவலருக்கும், மனைப்பிரிவுக்கு அனுமதி தரும் நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கும் சேர்த்தே கொடுங்கள். இந்த இரண்டு அலுவலகங்களும் ஒரே தாளைப் பார்த்ததை என் பணிக்காலத்தில் ஒரு முறைகூட நான் கண்டதில்லை.