பலத்த காற்றில் விமானம் தரையிறங்குவது ஏன் ஆபத்தாகிறது?

காற்று பலமாக அடிக்கும்போது விமானம் இறங்குவதில் அப்படி என்ன ஆபத்து என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் இருப்பது தென்னாப்பிரிக்காவின் போர்ட் எலிசபெத்தில். 2021-இல் கெபெர்ஹா என்று பெயர் மாற்றிவிட்டார்கள். இந்த ஊரின் மலபார் பகுதியில் எனக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்களுக்கு இன்னும் 'பி.இ.' தான். ஊரின் பட்டப்பெயரே காற்று நகரம். அம்மி பறக்க இங்கே ஆடி வர வேண்டியதில்லை. சிறிய விமானம் ஓட்டும் உரிமம் வைத்திருப்பவன், அந்த அளவில் சொல்கிறேன்.

முதலில், வெறும் பலத்த காற்றைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எதிர்க்காற்று சீராக 30 நாட், அதாவது மணிக்கு 55 கி.மீ. அடித்தால் விமானிக்கு வசதிதான். சக்கரம் தரையைத் தொடும் வேகம் குறையும், குறைந்த தூரத்தில் நின்றுவிடும். பி.இ.யின் முக்கிய ஓடுபாதையும் தென்மேற்குக் காற்றுக்கு ஏறக்குறைய நேராகத்தான் இருக்கிறது.

தொல்லை தருவது குப்பென்று அடித்துவிட்டுச் சட்டென்று அடங்கும் காற்று. விமானம் தரைமேல் எவ்வளவு வேகமாகப் போகிறது என்பது இறக்கைக்குப் பொருட்டே இல்லை. தன்மேல் காற்று எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதுதான் கணக்கு. செஸ்னா 172 என்ற சிறிய விமானம் சுமார் 65 நாட் வேகத்தில் இறங்கி வரும். எதிர்க்காற்று திடீரென 15 நாட் குறைந்தால் மிஞ்சுவது 50. தூக்குவிசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, ஆகவே ஏறத்தாழ 40 சதவீதம் அந்த நொடியே போய்விடும். ஆயிரம் அடி உயரத்தில் இது ஒரு குலுக்கல். இருபது அடியில் சமாளிக்க நேரமே கிடையாது. அதனால்தான் சிறிய விமானங்களில் காற்றின் ஏற்ற இறக்கத்தில் பாதியை இறங்கும் வேகத்தோடு கூட்டிக்கொள்ளச் சொல்லித் தருகிறார்கள். அந்தக் கூடுதல் வேகம் ஓடுபாதையைத் தின்னும், அது வேறு தலைவலி.

பக்கக் காற்று இன்னொரு சிக்கல். மூக்கைக் காற்றுப் பக்கம் திருப்பியபடியே நண்டு நடையில் வந்து, சக்கரம் தொடும் முன் நேராக்க வேண்டும். சரியாக அந்த நேரத்தில் ஒரு வீச்சு வந்தால்? 2008 மார்ச் 1, ஜெர்மனியின் ஹாம்பர்க்: எம்மா புயலில் லுஃப்தான்சா நிறுவனத்தின் ஏ320 பயணிகள் விமானம் ஒருபுறம் சாய்ந்து இடது இறக்கை நுனி ஓடுபாதையில் உரசியது. விமானிகள் இறங்கும் முயற்சியைக் கைவிட்டு மேலே ஏறி, வேறொரு ஓடுபாதையில் பத்திரமாக இறக்கினார்கள். யாருக்கும் காயமில்லை.

மறு ஆண்டு மார்ச் 23, ஜப்பானின் நரிட்டா விமான நிலையம்: அங்கேயும் இதே மாதிரி காற்று. ஃபெடெக்ஸ் நிறுவனத்தின் எம்டி-11 சரக்கு விமானம் தரையில் மோதி எகிறியது. எகிறிய விமானத்தின் மூக்கைக் கீழே அழுத்தினால் அடுத்த மோதல் முந்தையதைவிட மோசமாகும், அதுதான் நடந்தது. இடது இறக்கை முறிந்து விமானம் கவிழ்ந்து எரிந்தது, விமானிகள் இருவரும் இறந்தார்கள். என்னைக் கேட்டால், காற்றைவிட எகிறிய பிறகு வரும் அந்த இரண்டு மூன்று நொடிகள்தான் ஆபத்து. எகிறினால் முழு விசை கொடுத்து மறுபடி ஏறிவிடு என்று பயிற்சியில் சொல்கிறார்கள். ஆனால் ஓடுபாதை கண்முன்னே கிடக்கும்போது கை அதற்கு எளிதில் இணங்காது.

அப்புறம், நீங்கள் பயணியாக இருக்கும்போது கடைசி நொடியில் எஞ்சின் உறுமி விமானம் மீண்டும் மேலே போனால் பதறாதீர்கள். அதற்கும் சேர்த்துத்தான் எரிபொருள் போட்டிருப்பார்கள்.