குழந்தைகள் நிகழ்ச்சிகளில் பொதுத் தோட்டம் இத்தனை தடவை வருவது ஏன்?

அக்கம்பக்கத்தார் சேர்ந்து வளர்க்கும் தோட்டத்தைக் கதை நடக்கும் இடமாக வைப்பது காய்கறி சாப்பிட வைக்கத்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். அதுவும்தான். ஆனால் எனக்குத் தெரிந்து பெரிய காரணம் வேறு: உறவே இல்லாத நாலு பேர் தினமும் ஒரே இடத்தில் சந்திக்க ஒரு சாக்கு வேண்டும்.

1969-ல் செசமி ஸ்ட்ரீட் என்ற அமெரிக்கக் குழந்தைகள் நிகழ்ச்சி தொடங்கியபோது தெருவும் வாசற்படியும் அந்தச் சாக்கைக் கொடுத்தன. தோட்டம் ஒரு படி மேல், ஏனென்றால் வருகிறவர் கையில் ஒரு வேலையும் கொடுத்துவிடுகிறது. 2009 நவம்பரில் அதே நிகழ்ச்சியின் 40-வது சீசன் தொடக்கத்தில் அப்போதைய அமெரிக்க அதிபரின் மனைவி மிஷேல் ஒபாமா வந்து, குழந்தைகளோடும் எல்மோ என்ற பொம்மையோடும் காய்கறி விதை நட்டார். நாற்காலியில் உட்கார்ந்து 'காய்கறி சாப்பிடுங்கள்' என்று சொல்லியிருந்தால் எந்தக் குழந்தை கேட்டிருக்கும்?

இன்னொன்று, இதை யாரும் அதிகம் சொல்வதில்லை: பொம்மைகளுக்குத் தோட்டம் ரொம்ப வசதி. எல்மோ மாதிரி பொம்மையைக் கீழிருந்து ஒருவர் கையைத் தலைக்கு மேல் தூக்கித்தான் ஆட்டுகிறார், அவரை எங்கேயாவது ஒளித்தாக வேண்டும். இடுப்புயரத்துக்குப் பலகை அடித்த மண் பாத்தியோ ஒரு புதரோ இருந்தால் வேலை முடிந்தது, பார்க்கிறவருக்கும் உறுத்தாது. பிபிசியில் 2011-ல் வந்த மிஸ்டர் புளூம்ஸ் நர்சரியில் காய்கறிகளே பேசும் பொம்மைகள். களம் 'அலாட்மென்ட்', அதாவது ஆளுக்கொரு துண்டு நிலம் வாடகைக்கு எடுத்துப் பக்கத்துப் பக்கத்தில் பயிர் செய்யும் இடம்.

எனக்குக் குறை ஒன்று உண்டு. விதை போட்ட அடுத்த காட்சியிலேயே பழம் தொங்குகிறது. இதைப் பார்த்த என் மகள் ஒரு கப்பில் பீன்ஸ் விதை ஊன்றினாள், அது முளைக்கவே ஒரு வாரம் ஆகும், இவள் தினமும் காலையில் விரலால் தோண்டி எடுத்து 'வந்துருச்சா' என்று பார்த்துவிட்டுத் திரும்பப் புதைப்பாள். எப்படி முளைக்கும்? வெள்ளையாக வேர் எட்டிப் பார்த்த அன்று அதையும் ஒடித்துவிட்டு அழுகை.

அந்த வகையில் பிபிசியின் புளூ பீட்டர் என்ற குழந்தைகள் நிகழ்ச்சி எனக்குப் பிடிக்கும். 1974-ல் பெர்சி த்ரோவர் என்ற தோட்டக்காரர் அதற்காக நிஜமாகவே ஒரு தோட்டம் போட்டார், அங்கே செடி வளர எத்தனை நாளோ அத்தனை நாள் காத்திருந்துதான் ஆகவேண்டும். 1983-ல் யாரோ உள்ளே புகுந்து அதை நாசம் செய்தார்கள். நிகழ்ச்சியில் அதை மறைக்கவில்லை, நடந்ததைப் பிள்ளைகளிடம் அப்படியே சொன்னார்கள். பொதுத் தோட்டம் என்றால் இதுவும் சேர்த்துத்தானே?

என் மகள் இப்போது இரண்டாவது கப் வைத்திருக்கிறாள். மண்ணைத் தோண்டுவதில்லை, ஆனால் பக்கத்து வீட்டுப் பையனைக் கிட்டவே விடுவதில்லை. பகிர்ந்துகொள்வது பற்றிய எபிசோடு இன்னும் பார்க்கவில்லை போல.