பழைய டிவி: குளிர்ந்த செட்டைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்

கேள்வி: கடையில் படம் பளிச்சென்று இருந்தது. வீட்டில் காலையில் போட்டால் ஐந்து நிமிடம் இருட்டு, அப்புறம் மங்கலாக வருகிறது. (கீழக்கரை)

பதில்: பிக்சர் ட்யூப் வீக். நீங்கள் போகும் முன்பே செட்டை ஓட விட்டுச் சூடாக்கியிருப்பார்கள். கடல் பக்கம் ஆன்டெனாவைத் திருப்பி இலங்கையின் ரூபவாகினி டிவி பார்த்து வளர்ந்த ஆசையில் நானும் இப்படித்தான் 4,000 ரூபாயை விட்டேன். பின்பக்கத் துவாரங்களில் உள்ளங்கையை வைத்திருந்தால் அன்றைக்கே சூடு தெரிந்திருக்கும், வைக்கவில்லை. பில் இருக்கிறதா? நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசுங்கள். கடைக்காரர் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். விடாதீர்கள்.

கேள்வி: பாம்பன் வீட்டில் 15 வருடமாகக் கிடக்கும் கருப்பு வெள்ளை டிவி. பிளக்கில் செருகிப் பார்க்கலாமா?

பதில்: கூடவே கூடாது. இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. உப்புக் காற்றில் சுவிட்சும் ட்யூனரும் பச்சை பூத்திருக்கும், கரண்டைத் தேக்கி வைக்கும் கண்டன்சர்கள் காய்ந்தோ கசிந்தோ இருக்கும், அப்படியே 230 வோல்ட்டைக் கொடுத்தால் நல்லாயிருந்த பாகமும் சேர்ந்து கருகும். முதலில் சீரிஸ் பல்பு: கரண்ட் ஒரு 100 வாட் குண்டு பல்பு வழியாகத்தான் செட்டுக்குப் போக வேண்டும், எல்இடி உதவாது. பல்பு பளிச்சென்று எரிந்து மங்கினால் தைரியமாக அடுத்த வேலைக்குப் போகலாம். முழு வெளிச்சத்திலேயே நின்றால் உள்ளே ஷார்ட், உடனே அணையுங்கள். ஆனால் பல்பு செட்டைத்தான் காக்கும், உங்களைக் காக்காது. பல பழைய செட்டுகளில் சேஸிஸ், அதாவது பாகங்களைத் தாங்கும் உள் தகடு, நேராக மெயின்ஸோடு சேர்ந்திருக்கும், டூ பின் பிளக்கைத் திருப்பிச் செருகினால் அந்தத் தகடே ஷாக் அடிக்கும். அதனால் மூடியைக் கழற்றி வேலை பார்க்க மெயின்ஸிலிருந்து செட்டைப் பிரித்து வைக்கும் ஐசொலேஷன் ட்ரான்ஸ்பார்மர் கட்டாயம் வேண்டும்.

கேள்வி: பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் திறந்தேன், அப்படியும் தூக்கி அடித்தது. ஆன்லைனில் பார்க்காமலே வாங்கிய கலர் செட். (மண்டபம்)

பதில்: பார்க்காமல் வாங்கினீர்கள், படிக்காமல் திறந்தீர்கள். மெயின் கண்டன்சரில் 300 வோல்ட் தங்கியிருக்கும், கலர் ட்யூபில் 20,000க்கு மேல். ட்யூபின் பக்கவாட்டில் ரப்பர் தொப்பி போட்ட தடித்த வயர் இருக்கிறதே, அதன் பக்கமே போகாதீர்கள். ஒரு மெக்கானிக் பக்கத்தில் உட்கார்ந்து, தங்கிய கரண்டை எப்படி வெளியேற்றி டிஸ்சார்ஜ் செய்கிறார் என்று பார்த்த பிறகு தொடுங்கள்.

கேள்வி: உள்ளே ரெட் மெர்குரி இருக்கிறது, லட்சக்கணக்கில் விலை போகும் என்று சொல்லி 12,000 வாங்கிவிட்டார்கள். (தொண்டி)

பதில்: டிவிக்குள் அப்படி ஒரு பொருளே கிடையாது. 2009ல் சவூதியில் பழைய தையல் மெஷினை வைத்து இதே புரளியைக் கிளப்பினார்கள். வெட்கப்பட்டு மறைக்காதீர்கள், ஏமாற்றியவன்தான் வெட்கப்பட வேண்டும். போலீசில் எழுதிக் கொடுங்கள். பணம் ஆன்லைனில் போயிருந்தால் சைபர் மோசடி உதவி எண் 1930க்கு இன்றே பேசுங்கள்.

கேள்வி: ஏவி சாக்கெட் இல்லாத செட்டில் செட்டாப் பாக்ஸ் மாட்ட முடியுமா?

பதில்: முடியும், நடுவில் ஒரு ஆர்எப் மாடுலேட்டர் போடுங்கள், பாக்ஸின் படத்தையும் ஒலியையும் ஆன்டெனா சாக்கெட் வழியாகப் போகும்படி அது மாற்றிக் கொடுக்கும்.