லெச்சோவில் முட்டையை எப்போது சேர்ப்பது?

கேள்வி: ஹங்கேரியின் குடைமிளகாய்–தக்காளிக் கூட்டான லெச்சோவை முட்டை சேர்த்து, தானியம், பருப்பு, பால் ஆகியவற்றைத் தவிர்க்கும் பேலியோ உணவுமுறைப்படி, காலையும் மதியமும் சேர்ந்த ‘பிரஞ்ச்’ உணவுக்குச் செய்தேன். அதில் சேர்த்த பாப்ரிகா தூள் (ஹங்கேரியரின் சிவப்பு மிளகாய்த் தூள்) கசந்தது. முட்டையைச் சுற்றித் தண்ணீர் தேங்கி நின்றது. எப்படிச் சரிசெய்வது? ரொட்டி இல்லாமல் இதை எதனுடன் பரிமாறலாம்? – ஒரு வாசகி

பதில்: பேலியோவுக்கென்று லெச்சோவைப் பெரிதாக மாற்ற வேண்டிய தேவையே இல்லை. வெங்காயம், குடைமிளகாய், தக்காளி, பன்றிக் கொழுப்பு, பாப்ரிகா தூள் ஆகியவையே அதன் அடிப்படை. தானியமும் பருப்பும் பாலும் அதில் கிடையாது. ஹங்கேரியர் பலர் உடன் சேர்க்கும் கொல்பாஸ் என்னும் தொத்திறைச்சியை வாங்குவதானால் மட்டும், அதில் சர்க்கரையோ மாவோ கலந்திருக்கிறதா என்று உறையைப் படித்துப் பாருங்கள்.

கசப்புக்குப் பெரும்பாலும் அடுப்பின் சூடே காரணம். பாப்ரிகாவில் இயற்கையாகவே சர்க்கரை இருப்பதால், கொதிக்கும் கொழுப்பில் விழுந்த சில நொடிகளிலேயே அது கருகிவிடும். ஆனால் கொழுப்பில் கரைந்தால்தான் அதன் நிறமும் மணமும் முழுமையாக வெளிப்படும் என்பதால், கொழுப்பைத் தவிர்க்கவும் இயலாது. ஆகவே இரண்டு மேசைக்கரண்டி கொழுப்பில் இரண்டு பெரிய வெங்காயத்தைக் கண்ணாடி போல ஆகும்வரை நிதானமாக வதக்கி, வாணலியை அடுப்பிலிருந்து கீழே இறக்கி வைத்த பிறகே ஒரு மேசைக்கரண்டி இனிப்பு வகைப் (காரமில்லாத) பாப்ரிகாவைத் தூவிக் கிளறுங்கள். கொழுப்பு செம்மஞ்சளாக மாறிய அந்தக் கணமே, நீளவாக்கில் அரிந்த 600 கிராம் குடைமிளகாயைக் கொட்டிவிட வேண்டும். காயின் ஈரம் சூட்டைத் தணித்துத் தூளைக் காப்பாற்றும். ஹங்கேரியின் செகெட், கலோச்சா ஆகிய ஊர்களின் பாப்ரிகா புகழ்பெற்றது. எந்த ஊர்த் தூளானாலும் புதியதாக இருக்கட்டும். நாள்பட்டுப் பழுப்பேறிய தூளில் சுவை இராது. ஹங்கேரியர் இதற்கு வெளிர்மஞ்சள் குடைமிளகாயைத்தான் விரும்புவார்கள். அது கிடைக்காவிட்டால் சிவப்போ மஞ்சளோ எடுத்துக்கொள்ளுங்கள். பச்சைக் குடைமிளகாய் சற்றே கசக்கும்.

குடைமிளகாய் பாதி வெந்ததும் 300 கிராம் தக்காளியையும் உப்பையும் சேர்த்து, முதலில் மூடி வைத்தும் பிறகு மூடியைத் திறந்தும் வேகவிடுங்கள். உப்பு காய்களின் நீரை வெளியே இழுக்கும். வெளிவந்த அந்த நீர் வற்றுவதற்குள் முட்டையைச் சேர்த்ததால்தான் உங்களுக்குத் தண்ணீர் தேங்கியிருக்கிறது. கரண்டியால் வாணலியின் அடியைக் கீறினால், அந்தத் தடம் உடனே மூடிக்கொள்ளாமல் ஒரு நொடி அப்படியே நிற்க வேண்டும். அதுதான் பக்குவம்.

முட்டையை முழுதாக உடைத்து மேலே ஊற்றுவதைவிட, ஹங்கேரியர் செய்வதுபோல ஆறு முட்டைகளை இலேசாக அடித்து ஊற்றிக் கிளறுவதையே நான் பரிந்துரைப்பேன்; சாறு முட்டையோடு சேர்ந்து கெட்டியாகி, ஒவ்வொரு வாயிலும் காயும் முட்டையும் ஒன்றாகவே கிடைக்கும். தீயைக் குறைத்துக்கொண்டு, சற்றுத் தளர்வாக இருக்கும்போதே இறக்கிவிடுங்கள். வாணலியின் சூட்டிலேயே மீதியும் இறுகிவிடும்.

சிலர் உடன் பரிமாறும் புளித்த பாலேட்டைப் பேலியோவினர் தவிர்க்கலாம்; இதற்கு அது அவசியமில்லை. ரொட்டிக்குப் பதிலாக ஹங்கேரியரின் வெள்ளரிக்காய்ச் சாலட்டே போதும்: மெல்லிய வில்லைகளாகச் சீவி, உப்பிட்டுப் பிழிந்து, நீர் கலந்த வினிகரில் ஊறவைத்து, மேலே சிறிது பாப்ரிகா தூவுவார்கள். வழக்கமாக அதில் சேரும் சர்க்கரையை மட்டும் விட்டுவிடுங்கள். பேலியோவிலேயே கடுமையான தன்னுடல்தாக்கு நெறிமுறையை (உடலின் நோயெதிர்ப்பு ஆற்றல் தன் உடலையே தாக்கும் நோய்கள் உள்ளவர்களுக்கான உணவுமுறை)ப் பின்பற்றும் விருந்தினர் இருந்தால், அதன் தொடக்கக் கட்டத்தில் முட்டையும் தக்காளியும் மிளகாய் வகைகளும் விலக்கப்படுவதால், அவருக்கு வேறு உணவு சமைப்பதே முறை.