நியமன உறுப்பினர்

அன்புள்ள அக்கா,

அரூர் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம். 2019 டிசம்பர் தேர்தலில் எங்கள் ஊராட்சியில் வார்டு உறுப்பினராக ஜெயித்தேன். பெண்கள் வார்டு என்று ஒதுக்கிவிட்டதால் வீட்டில் என்னை நிறுத்தினார்கள். கையெழுத்து என்னுடையது, பேச்சு வீட்டுக்காரருடையது. பெரும்பாலும் அப்படியே ஓடிவிட்டது. கடைசி வருடம் மட்டும் எங்கள் தெருவுக்குக் குடிதண்ணீர்த் தொட்டி வேண்டும் என்று நானே எழுந்து பேசினேன். தொட்டி வந்தது.

வரும் ஜூலை 30 டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பிறந்தநாள். அன்று மகளிர் குழுவில் அவரைப் பற்றிப் பத்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். எங்களுக்கு அந்தப் பெயர், அவர் பெயரில் அரசு தரும் பிரசவப் பணத்தால்தான் தெரியும். தேடிப் படித்தால் அவர் சென்னை மாகாணச் சட்டசபைக்குத் தேர்தலில் நின்று போகவில்லை, அரசு நியமித்தது என்று இருக்கிறது. குழுவில் ஒரு அம்மா, "நீயாச்சும் ஓட்டு வாங்கி வந்தே. அவங்களைக் கூப்பிட்டு உட்கார வெச்சாங்க. அதுக்கா விழா?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் சொல்லுங்கள்.

*

அன்புள்ள தங்கைக்கு,

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். 'தொட்டி வந்தது' என்று இரண்டே சொல்லில் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் ஓட்டு. அவர் நியமன உறுப்பினர்தான், அதில் மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அன்றைக்கு ஓட்டு யார் கையில் இருந்தது? சொத்து வைத்து வரி கட்டியவர்கள் கையில். சென்னை மாகாணத்தில் 1921-இலேயே பெண்களுக்கு ஓட்டுரிமை வந்தது, அதற்கும் இதே சொத்துக் கணக்குதான். நம் பக்கமெல்லாம் அப்போது சேலம் மாவட்டம். கூலிக்குக் களை எடுத்த நம் பாட்டிகளுக்கு ஓட்டு ஏது? பெண்கள் வேட்பாளராக நிற்கலாம் என்று வழி திறந்ததே 1926-இல்தான். அந்த வருடமே கமலாதேவி சட்டோபாத்யாய் நின்று பார்த்தார், சொற்ப ஓட்டில் தோற்றார். இந்திய மாதர் சங்கம் முத்துலட்சுமியின் பெயரை முன்வைத்தபோது, மருத்துவ வேலை கெட்டுப்போகுமே என்று அவர் தயங்கியிருக்கிறார். பிறகு போனார். 1927-இல் அந்தச் சபையில் இருந்த ஒரே பெண் அவர். உள்ளே போனதும் அத்தனை ஆண்களும் சேர்ந்து அவரை ஒருமனதாகத் துணைத் தலைவராக்கினார்கள்.

புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்தவர். அம்மா சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். ஆண்கள் படித்த மகாராஜா கல்லூரியில் மன்னரின் தனி அனுமதியோடு சேர்ந்து, 1912-இல் டாக்டரானார். இதெல்லாம் எல்லா மேடையிலும் சொல்லுவார்கள், நீங்கள் சீக்கிரம் கடந்துவிடலாம். நீங்கள் நின்று நிதானமாகச் சொல்ல வேண்டியது 1929-ஐ.

பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டும் வழக்கம் கொடுமை என்று பேசியவர்கள் அவருக்கு முன்பும் உண்டு. அந்த வழக்கம் எந்த ஆணியில் தொங்குகிறது என்று பார்த்தவர் அவர். தேவதாசிக் குடும்பங்களுக்குக் கோயில் மானிய நிலம் இருந்தது. கோயில் ஊழியத்துக்குப் பெண்ணை விட்டால்தான் அந்த நிலத்தை அனுபவிக்கலாம். பாட்டிக்குப் பிறகு அம்மா, அம்மாவுக்குப் பிறகு மகள். யாரும் பொட்டுக்கட்டாவிட்டால் சோறு போடும் நிலம் கையை விட்டுப் போகும். நிலத்துக்குப் பயந்து பெண்ணைக் கொடுக்க வேண்டியிருந்தது. அறநிலையச் சட்டத்தில் அவர் கொண்டுவந்த திருத்தம் 1929-இல் நிறைவேறியபோது அந்த முடிச்சு அவிழ்ந்தது. ஊழியம் செய்ய வேண்டியதில்லை, நிலத்தை வைத்துக்கொள்ளலாம். நம் ஊரில் மானியம் என்றால் என்ன, பட்டா என்றால் என்ன என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். உங்கள் குழுவில் இதைச் சொல்லிப் பாருங்கள், சட்டென்று புரிந்துகொள்வார்கள். அவர் சபையில் செய்ததிலேயே பெரிய காரியம் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

எதிர்ப்பு சாதாரணமாக இல்லை. சத்தியமூர்த்தி போன்ற பெரிய பேச்சாளரே எதிர்த்தார். தேவதாசிகளிலும் பலர், எங்கள் கலையையும் பிழைப்பையும் கெடுக்காதீர்கள் என்று கூடி மனுக் கொடுத்தார்கள். அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அவர்களுடைய பயம் நியாயமான பயம். பொட்டுக்கட்டுவதையே தடுக்கும் மசோதாவை அவர் 1930-இல் கொண்டுவந்தார், அது சட்டமாக 1947 ஆனது.

அதே 1930-இல் காந்தி கைதானபோது பதவியைத் தூக்கிப் போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டார். அவர் சபையில் இருந்தது உங்கள் பதவிக்காலத்தைவிடக் குறைவு. அதற்குள் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை, குழந்தைகளுக்குத் தனி மருத்துவமனை என்று எத்தனையோ கேட்டுவிட்டார். வெளியே வந்த பிறகு, தங்க இடமில்லாமல் வந்து நின்ற பெண்களுக்காக ஔவை இல்லம் தொடங்கினார். தங்கையைப் புற்றுநோயில் பறிகொடுத்த துக்கம் அவருக்குள் இருந்துகொண்டே இருந்தது. அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954-இல் 12 படுக்கையோடு வந்தது அதனால்தான். எங்கள் சித்தியை தருமபுரியிலிருந்து ராத்திரி பஸ்ஸில் அங்கே அழைத்துக்கொண்டு போன நாட்களில், யார் கட்டிய இடம் இது என்று நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

அப்புறம் அந்தப் பிரசவப் பணம். 14,000 ரூபாய் பணம், 4,000 ரூபாய்க்கு ஊட்டச்சத்துப் பெட்டகம் என்று உங்கள் குழுவில் எல்லோருக்கும் மனப்பாடமாக இருக்கும். நர்ஸம்மாவிடம் கர்ப்பத்தைப் பதிந்து பிக்மி நம்பர் வாங்க அலைந்ததும் மறந்திருக்காது. ஆனால் தாய்க்கு 19 வயது ஆகியிருந்தால்தான் அந்தப் பணம் வரும் என்பதை அழுத்திச் சொல்லுங்கள். பெண்ணுக்கு 16, ஆணுக்கு 21 என்று கல்யாண வயதை உயர்த்த வேண்டும் என்று 1928-இல் சபையில் தீர்மானம் கொண்டுவந்தவர் அவர். அடுத்த வருடம் வந்த சாரதா சட்டத்தில் பெண்ணுக்குக் கிடைத்தது 14தான். இன்று சட்டம் 18 என்கிறது. அப்படியும் பென்னாகரம் பக்கமும் அஞ்செட்டி மலைப் பக்கமும் பத்தாவது முடிக்காத பிள்ளைகளுக்குத் தாலி ஏறுகிறது. அந்தப் பிள்ளைகள் வயிற்றோடு ஆரம்ப சுகாதார நிலையத்தில் வரிசையில் நிற்கும்போது, அவர் பெயரில் உள்ள பணம் அவர்களுக்குக் கிடையாது. எனக்கு இதைச் சொல்லும்போதே தொண்டை அடைக்கிறது. கூட்டத்தில் பெண்ணைப் பெற்றவர்கள் இருப்பார்கள், அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

சரி, தொட்டிக்கு வருகிறேன். உங்கள் பத்து நிமிடத்தில் அதற்கு இரண்டு நிமிடம் வையுங்கள். யார் வேண்டாம் என்றார்கள், வீட்டுக்காரர் என்ன சொன்னார், நீங்கள் எழுந்து முதல் வார்த்தையாக என்ன பேசினீர்கள், தண்ணீர் வர எத்தனை மாதம் ஆனது, எல்லாவற்றையும் சொல்லுங்கள். முத்துலட்சுமியும் தன் சபை அனுபவங்களை 1930-இல் புத்தகமாக எழுதிவைத்துவிட்டுத்தான் போனார். உங்களிடம் கேள்வி கேட்ட அந்த அம்மாவை முன்வரிசையில் உட்கார வையுங்கள். கேட்டுவிட்டு அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா