அப்பா ஜிப்மரில் இருந்தார். அதற்கு என்ன சான்று?

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூர்தான் எங்கள் ஊர். இங்கிலாந்தில் எம்.எஸ்சி. படிக்கிறேன். ஜனவரி 5ஆம் தேதி இரவு அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து, கடலூர் அரசு மருத்துவமனையிலிருந்து புதுச்சேரி ஜிப்மருக்கு அனுப்பினார்கள். 7ஆம் தேதி நான் வந்து சேர்ந்தேன். 19ஆம் தேதி டிஸ்சார்ஜ் ஆகும்வரை வார்டிலேயே இருந்தேன். 15ஆம் தேதி கொடுக்க வேண்டிய அசைன்மென்ட்டைக் கொடுக்கவில்லை. 22ஆம் தேதிக்கு உரியதை ஏதோ எழுதி அனுப்பிவிட்டேன். இப்போது பல்கலைக்கழகம் சான்று கேட்கிறது. அப்பா படுத்துக் கிடந்ததற்குக்கூடவா ரசீது கேட்பார்கள்? தூக்கமே இல்லை. புத்தகத்தைத் திறந்தால் ஒரு வரி மண்டையில் ஏறுவதில்லை. மாமாவோ, ‘உனக்கே டைபாய்டு வந்ததாக ஒரு மெடிக்கல் சர்டிபிகேட் வாங்கித் தருகிறேன், வேலை சுலபமாக முடியும்’ என்கிறார். என்ன செய்யட்டும்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கடலூர்

பதில்: முதலில் மாமாவின் யோசனையை ஓரமாக வையுங்கள், அம்மா. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வருகைப் பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போனால் மெடிக்கல் சர்டிபிகேட்டும் கண்டொனேஷன் கட்டணமும் கொடுத்துத் தேர்வு எழுதுவது நம் ஊர்க் கல்லூரிகளில் பழகிப்போன விஷயம். அந்தக் காய்ச்சல் நிஜமாகவே வந்ததா என்று இங்கே பெரும்பாலும் யாரும் தோண்டுவதில்லை. நீங்கள் படிக்கும் இடத்தில் தோண்டுவார்கள். சந்தேகம் வந்தால் மருத்துவமனைக்கே எழுதிக் கேட்பார்கள். பொய் என்று தெரிந்தால் ஒரு பாடத்தோடு போகாது. ஒழுங்கு நடவடிக்கை வரும், படிப்பே போகலாம். எழுதிக் கொடுத்த டாக்டரின் பதிவுக்கும் ஆபத்து. இத்தனைக்கும் உண்மையான காரணம் ஜிப்மர் முத்திரையோடு உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அதை விட்டுவிட்டு எதற்கு டைபாய்டு?

ரசீது கேட்பது உறுத்துகிறது என்கிறீர்கள். உறுத்தத்தான் செய்யும். ஆனால் கெடுவைத் தவறவிட்டதற்குச் சலுகை கேட்டு நீங்கள் போடும் ‘மிட்டிகேட்டிங் சர்க்கம்ஸ்டன்சஸ்’ (தவிர்க்க முடியாத சூழ்நிலை) மனுவைப் பார்க்கும் குழு உங்கள் துக்கத்தை எடைபோட உட்கார்ந்திருக்கவில்லை. அவர்களுக்குத் தெரிய வேண்டியவை மூன்று: நடந்தது உண்மையா, அது கெடு நாளோடு மோதியதா, உங்கள் கைக்கு மீறியதா. எத்தனை பக்கம் உருக்கமாக எழுதினாலும் தேதி இல்லாவிட்டால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, தென்பெண்ணை வெள்ளம் கடலூருக்குள் புகுந்தபோது கெடுவைத் தவறவிட்ட மாணவர் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். செய்தித்தாள் நறுக்கை மட்டும் இணைத்தால் ஊரில் வெள்ளம் என்றுதான் தெரியும். அவர் வீட்டில் தண்ணீர் நின்றதும், எத்தனை நாள் கரண்ட் இல்லை என்பதும் அதில் வராது.

உங்கள் விஷயத்தில் முதல் தாள் டிஸ்சார்ஜ் சம்மரி. அதில் அட்மிஷன் தேதி, டிஸ்சார்ஜ் தேதி, நோயின் பெயர், மருத்துவமனை எண் எல்லாம் ஆங்கிலத்திலேயே இருக்கும். தொலைந்திருந்தால் அந்த எண்ணைச் சொல்லி நகல் கேளுங்கள். கடலூர் மருத்துவமனை கொடுத்த ரெஃபரல் சீட்டு இருந்தால் 5ஆம் தேதி இரவுக்கு அதுவே சாட்சி. சி.டி. ஸ்கேன் ஃபிலிம், ரத்தப் பரிசோதனைத் தாள், மருந்துக்கடை பில் இதையெல்லாம் மூட்டையாகக் கட்டி அனுப்ப வேண்டாம்.

இவை அப்பா படுத்திருந்ததைச் சொல்லும். நீங்கள் அங்கே இருந்ததைச் சொல்ல போர்டிங் பாஸும், பாஸ்போர்ட்டில் சென்னை விமான நிலையக் குடியேற்ற முத்திரையும் வேண்டும். வார்டில் தங்க உதவியாளர் பாஸ் கொடுத்திருந்து, அதைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால் அதையும் படம் எடுத்துச் சேருங்கள். நான்காக மடித்துக் கசங்கிப் போயிருந்தாலும் தேதி தெரிந்தால் போதும்.

நம்மவர்கள் தடுக்கி விழும் ஒரு இடம் உண்டு: பெயர். மருத்துவமனைச் சீட்டில் அப்பா பெயர் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி, உங்கள் பல்கலைக்கழகப் பதிவில் குடும்பப் பெயராக வேறு மாதிரி ஏறியிருக்கும். இனிஷியல் வைக்கும் வழக்கம் அங்கே யாருக்கும் தெரியாது. இந்த நோயாளி உங்கள் அப்பாதான் என்று அவர்கள் தாமாகப் புரிந்துகொள்ள மாட்டார்கள். உங்கள் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்புங்கள். தந்தை பெயர் அச்சிட்டிருக்கும். அந்தப் பக்கத்தின் நகலோடு, ‘மருத்துவமனைத் தாளில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது, இருவரும் ஒருவரே’ என்று ஒரு வரி எழுதினால் முடிந்தது. அப்பாவின் ஆதார் அட்டையை அனுப்ப வேண்டியதில்லை.

அனுப்புவதற்கு முன் அப்பாவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நோய் அவருடையது. பேச்சு தெளியாமல் இருந்தாலும் தலையசைக்கவாவது முடியும் அல்லவா? மறைக்க வேண்டிய தகவல் ஏதேனும் இருந்தால் கருப்பு மையால் அடித்துவிட்டு, அப்படி அடித்ததைக் குறிப்பிட்டால் போதும்.

தமிழில் உள்ள தாள் எதையாவது இணைப்பதாக இருந்தால் நீங்களே மொழிபெயர்க்காதீர்கள். மொழிபெயர்ப்பவர் பெயர், கையெழுத்து, தேதி, தொடர்பு விவரத்தோடு, ‘மூலத்துக்கு உண்மையான மொழிபெயர்ப்பு’ என்று உறுதி எழுதித் தர வேண்டும். சித்தி, அத்தை எழுதித் தரும் கடிதத்தை நம்பி உட்காராதீர்கள். வீட்டார் சொல்லைத் தனிச் சாட்சியாக அங்கே பெரும்பாலும் எடுத்துக்கொள்வதில்லை.

அடுத்தது நீங்கள் எழுத வேண்டிய விளக்கம். ஒரு பக்கத்தைத் தாண்டாதீர்கள். ‘5ஆம் தேதி இரவு அப்பாவுக்குப் பக்கவாதம். 7ஆம் தேதி கடலூர் வந்தேன். 19 வரை ஜிப்மரில் உடனிருந்தேன். அம்மாவால் தனியாகச் சமாளிக்க முடியவில்லை. லேப்டாப் கையில் இல்லை. இந்தப் பாடத்தின் கெடு 15ஆம் தேதி.’ இப்படி எழுதி, எந்த வரிக்கு எந்த இணைப்பு என்று பக்கத்தில் எண் போடுங்கள். லேப்டாப் கையில் இருந்திருந்தால் அந்த வரியை எடுத்துவிடுங்கள். வார்டு நிலவரத்தைச் சொன்னாலே அவர்களுக்குப் புரியும்.

22ஆம் தேதி அனுப்பிய அசைன்மென்ட் கொஞ்சம் சிக்கல். பல பல்கலைக்கழகங்களில், ஒன்றைச் சமர்ப்பித்தாலே ‘எழுதும் நிலையில் இருந்தேன்’ என்று ஒப்புக்கொண்டதாக விதி இருக்கிறது. பிறகு ‘அப்போது என்னால் முடியவில்லை’ என்று சொன்னால் எளிதில் ஏற்க மாட்டார்கள். உங்கள் விதிப் புத்தகத்தில் அந்த விதி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அந்த நேரத்தில் ஏன் நிதானமாக முடிவெடுக்க முடியவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். அதற்குத்தான் தூக்கமின்மையைப் பற்றி ஒரு மருத்துவரிடம் பேசியிருக்க வேண்டும்.

பேசவில்லை என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. இனியாவது போங்கள், முதலில் உங்கள் உடம்புக்காக. இப்போது பார்க்கும் டாக்டர் ஜனவரியில் உங்களைப் பார்த்ததாக எழுத முடியாது, எழுதச் சொல்லவும் கூடாது. ‘இன்று பரிசோதித்தேன், ஜனவரியிலிருந்து இப்படி இருப்பதாகச் சொல்கிறார், இன்றைய நிலை இது’ என்று எழுதலாம். அது நேர்மையானது, ஓரளவு உதவும். ஜிப்மரிலோ கடலூர் அரசு மருத்துவமனையிலோ மனநலப் பிரிவில் ஓ.பி. சீட்டுப் போட்டுப் பாருங்கள். ராத்திரி தாங்க முடியாமல் போனால் அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ் 14416, தமிழில் பேசலாம். அந்த நாட்களில் டியூட்டருக்கு இரண்டு வரி மெயிலாவது போட்டிருந்தால் தேடி எடுங்கள். அன்றைய தேதியில் எழுதிய இரண்டு வரிக்கு, இன்று எழுதும் இரண்டு பக்கத்தைவிட மதிப்பு அதிகம்.

இந்த மனு ஏற்கப்பட்டால் மதிப்பெண்ணைக் கூட்டிப் போட்டுவிடுவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். பொதுவாக அப்படிச் செய்வதில்லை. தாமத அபராதத்தை எடுப்பார்கள், அல்லது முதல் முயற்சியாகவே மறுபடி எழுத விடுவார்கள். இது சின்ன விஷயம் இல்லை. அங்கே முதுகலையில் தேர்ச்சி பெரும்பாலும் 50. தோற்று மறுபடி எழுதினால் எவ்வளவு நன்றாக எழுதினாலும் அந்த 50க்கு மேல் போடாத விதிதான் பல இடங்களில். மனு ஏற்கப்பட்டால் அந்தத் தடை இல்லை.

மனுவுக்கும் ஒரு கெடு உண்டு. பெரும்பாலும் சில வாரங்கள்தான், சில இடங்களில் நாட்கணக்குதான். தாண்டியிருந்தால் தாமதத்துக்கான காரணத்தையும் அதே மனுவில் எழுதுங்கள். கைக்கு வராத சான்று இருந்தால் அதற்காகக் காத்திருக்காமல் மனுவைப் போட்டுவிட்டு, ‘டிஸ்சார்ஜ் சம்மரி நகல் பின்னால் வரும்’ என்று குறிப்பிடுங்கள். மாணவர் சங்கத்தில் ஆலோசகர்கள் இருப்பார்கள், காசு வாங்க மாட்டார்கள். அனுப்பும் முன் அவர்களிடம் ஒரு முறை காட்டுங்கள்.

மறுத்துவிட்டால் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே மேல்முறையீடு செய்யலாம். அங்கும் முடிந்து இறுதிக் கடிதம் கொடுத்துவிட்டால், இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் ஓ.ஐ.ஏ. என்ற சுயேச்சை அமைப்பு இருக்கிறது. அந்தக் கடிதத் தேதியிலிருந்து 12 மாதத்துக்குள் புகார் கொடுக்கலாம். மாணவர்களுக்குக் கட்டணம் இல்லை.

கடைசியாக விசா. நீங்கள் மாணவர் விசாவில் இருப்பவர். ஜனவரியில் ஊருக்கு வந்ததைத் துறையில் தெரிவித்தீர்களா என்று கடிதத்தில் இல்லை. தெரிவிக்கவில்லை என்றால் இன்றே மெயில் போடுங்கள். அசைன்மென்ட்டைத் தள்ளி வைத்து, படிப்பு முடியும் தேதியும் தள்ளிப் போவதாக இருந்தால், ஒப்புக்கொள்ளும் முன் அங்கே வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் விசா தேதியையும் சரிபாருங்கள்.